பிப் மறுபரிசீலனை: "மாற்றம் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. நான்கு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் தடுமாறும். அப்போது விண்ணப்பித்துப் பிப் (உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் தரும் 'பெர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமென்ட்' என்ற உதவித்தொகை) கிடைத்தது. அன்றாட வாழ்க்கை, நடமாட்டம் என்ற இரண்டு பகுதியும் ஸ்டாண்டர்ட், அதாவது குறைந்த தொகை. இப்போது ரிவ்யூ படிவம் வந்திருக்கிறது. போன வருடத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தடவையாவது வலிப்பு வருகிறது, மற்றபடி எல்லாம் பழையபடிதான். எல்லாவற்றுக்கும் "மாற்றம் இல்லை" என்று எழுதி அனுப்பினால் அப்படியே நீட்டித் தருவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். வலிப்பைப் பற்றி எழுதினால் எல்லாவற்றையும் கிளறி, இருப்பதையும் வெட்டிவிடுவார்களோ என்று பயம். இவரோ யார் கேட்டாலும் "ஓம், நான் செய்வேன்" என்று சொல்லிவிடுவார். நானே நிரப்பி நானே கையெழுத்துப் போடலாமா? நான் பராமரிப்பாளர் உதவித்தொகை எடுக்கிறேன், பகுதிநேர வேலையும் செய்கிறேன். ஜனவரியில் இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போக யோசிக்கிறோம். போகலாமா?

ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரி,

கையெழுத்துக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். படிவத்தை நீங்கள் நிரப்பலாம். கையெழுத்து அவருடையதாக இருக்கவேண்டும். வலது கை வராததால் இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாலும் பரவாயில்லை. நீங்கள்தான் எழுதினீர்கள், அவர் ஏன் எழுதவில்லை என்பதையும் படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். அதுவே ஒரு சாட்சி. அவருக்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், பிப் கொடுக்கும் அரசாங்கத் துறையான டி.டபிள்யூ.பி. உங்களை அவருடைய 'அப்பாயின்டீ'யாக (அவர் சார்பில் நடப்பவராக) ஏற்றிருக்க வேண்டும், அல்லது சட்டப்படி அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம் உங்களிடம் இருக்கவேண்டும். அப்பாயின்டீ என்பது தன் விஷயங்களைத் தானே புரிந்து முடிவெடுக்க முடியாதவர்களுக்கான ஏற்பாடு. எழுத வரவில்லை, ஃபோனில் பேசச் சிரமம் என்பதற்காக மட்டும் அது தேவைப்படாது. நீங்கள் ஃபோன் எடுக்கும்போது அவரும் பக்கத்தில் இருந்து, "என் மனைவி பேசட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இனி "மாற்றம் இல்லை" விஷயம். தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்காதீர்கள். ரிவ்யூவில் நல்ல வழக்குகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டு வார்த்தைகளால்தான் என்பது என் அனுபவம்.

காரணம் இதுதான். ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி போட்டுத்தான் பிப் கொடுக்கிறார்கள். நான்கு வருடங்களுக்கு முன் கிடைத்த புள்ளிகள் தாமாகவே அடுத்த தடவைக்கு வந்துவிடுவதில்லை. இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று புதிதாகப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். படிவத்தைப் படிக்கிற ஆள் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, "ஓ, அப்போது மனைவிதானே குளிப்பாட்டினார், இப்போதும் அப்படித்தான் இருக்கும்" என்று உங்களுக்காக யோசிப்பார் என்று நம்பி இருக்கக்கூடாது. அவர் கையில் இருப்பது நீங்கள் அனுப்பிய தாள்தான். அதில் "மாற்றம் இல்லை" என்று மட்டும் இருந்தால் அந்தத் தாள் எதையும் சொல்லவில்லை. மாற்றமே இல்லாத இடத்திலும், "மாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் இன்றைய நிலைமையை முதல் தடவை சொல்வதுபோல முழுவதும் எழுதுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு. படிவமும் கூட அனுப்பும் கடிதங்களும் தெளிவாக இருந்தால், சில ரிவ்யூக்களை அசெஸ்மென்டே (அவரிடம் கேள்வி கேட்டுச் செய்யும் மதிப்பீடு) இல்லாமல் காகிதத்தைப் பார்த்தே முடித்துவிடுவார்கள்.

வலிப்பை மறைத்தால் பழையதைக் கிளறமாட்டார்கள் என்பது வெறும் நம்பிக்கை. ரிவ்யூ தொடங்கிய அன்றே எல்லாம் கிளறப்பட்டாயிற்று. கூட்டலாம், குறைக்கலாம், அப்படியே விடலாம், நிறுத்தலாம். நாலுக்கும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கணவரைப் பொறுத்தவரை வலிப்பு அவருடைய தேவையைக் கூட்டுகிற விஷயம். அதை எழுதாமல் விடுவது உங்களுக்குத்தான் நட்டம். நிலைமை மாறினால் அறிவிப்பது கடமையும்கூட. எப்போது தொடங்கியது, எந்த மாதம் மருத்துவமனைக்குப் போனீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள்.

பெட்டியைத் தேடி நான்கு வருடத்துக்கு முந்தைய முடிவுக் கடிதத்தை எடுங்கள். எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி என்று அதில் இருக்கும். காணவில்லை என்றால் டி.டபிள்யூ.பி.க்கு ஃபோன் செய்து அந்தக் கடிதத்தின் பிரதியையும், அப்போது அசெஸ்மென்ட் செய்தவர் எழுதிய அறிக்கையையும் கேளுங்கள். காசு கிடையாது. ஸ்டாண்டர்ட் என்றால் ஒவ்வொரு பகுதியிலும் 8 முதல் 11 வரை புள்ளிகள் கிடைத்திருக்கின்றன என்று அர்த்தம். 12 வந்தால் என்ஹான்ஸ்ட், அதாவது கூடிய தொகை. அவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதியில் சரியாக 8தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியில் 2 புள்ளி கழன்றாலும் முழுப் பகுதியும் போய்விடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுடைய பராமரிப்பாளர் உதவித்தொகையும் நிற்கிறது. பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி நின்றால் அதுவும் நிற்கும். 2025-26 நிதியாண்டுக் கணக்கில் ஸ்டாண்டர்ட் அன்றாடப் பகுதி வாரத்துக்கு 73.90 பவுண்டு, நடமாட்டப் பகுதி 29.20, என்ஹான்ஸ்ட் ஆனால் 110.40, 77.05. உங்கள் உதவித்தொகை 83.30. ஆக இந்தப் படிவம் அவர் ஒருவருடைய படிவம் இல்லை, வீட்டு வரவு செலவு முழுவதும் இதற்குள் இருக்கிறது. நடமாட்டப் பகுதியின் புள்ளிகளை வைத்து புளூ பேட்ஜும் (ஊனமுற்றோருக்கான கார் நிறுத்த அனுமதி அட்டை) கார் வரிச் சலுகையும் வைத்திருந்தால் அவையும் சேர்த்தி.

சரி, எப்படி எழுதுவது? மொத்தம் 12 வேலைகளைப் பற்றிக் கேட்கிறார்கள்; 10 அன்றாட வாழ்க்கைக்கு, 2 நடமாட்டத்துக்கு. ஒவ்வொன்றிலும் கேள்வி இதுதான்: நீங்கள் அந்த வீட்டில் இல்லாவிட்டால் அவரால் அதை ஒழுங்காகச் செய்ய முடியுமா? "ஒழுங்காக" என்பதற்குச் சட்டத்தில் நான்கு அளவுகள் இருக்கின்றன. ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும் ஒவ்வொரு தடவையும், நியாயமான நேரத்துக்குள். நியாயமான நேரம் என்பது அந்தக் குறைபாடு இல்லாத ஒருவருக்கு வழக்கமாக ஆகக்கூடிய அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகாதது. இந்த நாலில் ஒன்று இடித்தாலும், அந்த வேலையை அவரால் செய்ய முடிகிறது என்று சொல்லக்கூடாது. படிவம் நிரப்பும்போது இந்த நாலையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கிற குடும்பங்களில் பெரிய தடை என்னவென்றால், மனைவி செய்கிற உதவி மனைவிக்கே தெரிவதில்லை. நான்கு வருடம் தினமும் செய்தால் அது வீட்டு வேலைகளோடு கலந்துவிடும். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுகிறீர்கள், தட்டில் இறைச்சியைச் சின்னதாக நறுக்கி வைக்கிறீர்கள், குளிக்கும்போது கதவைப் பூட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே நிற்கிறீர்கள், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்கிறீர்கள். கேட்டால், "அவர் தானாகத்தான் குளிக்கிறார், தானாகத்தான் சாப்பிடுகிறார்" என்பீர்கள். எனவே படிவத்தைத் தொடுமுன் ஒரு வாரம், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை, அவருக்காக நீங்கள் கை வைக்கிற, வாய் திறக்கிற, கண் வைத்திருக்கிற ஒவ்வொன்றையும் குறித்துவையுங்கள். இரவில் எழும்புவதையும் சேர்த்து. அந்தக் குறிப்பிலிருந்துதான் படிவம் வரவேண்டும்.

சமையல் கேள்வியில்தான் நம்முடைய ஆண்களுக்கு அடிக்கடி புள்ளி தவறுகிறது. "இவர் முந்தியும் சமைப்பதில்லை, நான்தான் சமைக்கிறேன்" என்று எழுதுகிறார்கள். அதற்குப் புள்ளி இல்லை. அவர் சமைக்கிறாரா என்பது கேள்வியே அல்ல. பச்சைக் காய்கறியை வைத்து, ஒருவருக்கு வேண்டிய ஒரு எளிய சாப்பாட்டை, இடுப்பு உயரத்து அடுப்பில் சமைக்க வேண்டி வந்தால் அவரால் முடியுமா என்பதுதான் கேள்வி. ஒரு கையால் வெங்காயம் உரிக்க முடியுமா? கொதிக்கிற சட்டியைத் தூக்கி வடிக்க முடியுமா? அடுப்பை மூட்டியதை மறந்துபோவாரா? அடுப்புக்கு முன் நிற்கும்போது வலிப்பு வந்தால் என்ன ஆகும்? பிரத்தியேகமான கத்தியோ உபகரணமோ இருந்தால் செய்துவிடுவார் என்றால் 2 புள்ளி. யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாலோ உதவினாலோதான் முடியும் என்றால் 4. அறவே முடியாது என்றால் 8. அவர் வாழ்க்கையில் தேத்தண்ணீர்கூட ஊற்றாதவராக இருந்தாலும் இதைத்தான் எழுதவேண்டும்.

வலிப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்து வைத்திருங்கள். "மாதத்துக்கு ஒரு தடவைதானே வருகிறது, மற்ற நாள் நல்லாகத்தானே இருக்கிறார்" என்று அசெஸ்மென்டில் கேட்கலாம். பிப்பில் ஒரு பொது விதி உண்டு: ஒரு சிரமம் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்கவேண்டும். அதை வைத்துத்தான் அந்தக் கேள்வி. ஆனால் 2017இல் மேல் தீர்ப்பாயத்தில் மூன்று நீதிபதிகள் சேர்ந்து ஒரு தீர்ப்புக் கொடுத்தார்கள். ஒரு வேலை ஆபத்தில்லாமல் செய்யக்கூடியதா என்று பார்க்கும்போது, ஆபத்து எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, நடந்தால் எவ்வளவு பெரிய தீங்கு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். எந்த நாளில் வரும் என்று தெரியாத வலிப்பு, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னாலோ குளியல் தொட்டிக்குள்ளோ வந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை அறிகுறி ஏதும் வருகிறதா, நினைவு தப்புகிறதா, விழுந்து அடிபட்டிருக்கிறாரா, வந்த பிறகு எத்தனை மணி நேரம் படுத்துக் கிடக்கிறார், அந்த நாள் முழுக்க என்ன செய்யமாட்டார் என்று எழுதுங்கள். ஆபத்து எல்லா நாளும் இருக்கிறது, அதனால் கண்காணிப்பும் எல்லா நாளும் தேவை என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். வலிப்புக்குப் பிறகு அவரைத் தனியாக வெளியே விடுகிறீர்களா, இல்லையா? விடுவதில்லை என்றால், ஏன் என்பதை நடமாட்டப் பகுதியின் பயணக் கேள்வியில் எழுதுங்கள். படிவத்தின் முன்பக்கத்தில் நோயின் பெயரை எழுதிவிட்டோம், அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று விடாதீர்கள். ஒரே வலிப்பு சமையலிலும் வரும், குளியலிலும் வரும், வெளியே போவதிலும் வரும். எழுதினதையே திரும்ப எழுதுகிறோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

குளியலில் கூட்டல் கிடையாது. ஒவ்வொரு வேலையிலும் பொருந்துகிற மிக உயர்ந்த வரி ஒன்றுக்குத்தான் புள்ளி. கைப்பிடி, ஸ்டூல் வைத்துக் குளித்தால் 2. தொட்டியில் ஏறி இறங்க ஒருவர் பிடிக்கவேண்டும் என்றால் 3. தோளுக்கும் இடுப்புக்கும் இடையில் கழுவிவிட ஆள் வேண்டும் என்றால் 4. வலது கை வராத ஒருவரால் தன் இடது தோளையும் இடது கக்கத்தையும் எப்படித் தேய்க்க முடியும்? யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள்தான் தேய்த்துவிடுகிறீர்கள். "குளிக்க உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதிவிட்டு 2 புள்ளியோடு நிற்பீர்கள். எந்த இடத்தை யார் கழுவுகிறார்கள் என்று வெட்கமில்லாமல் எழுதவேண்டிய படிவம் இது. கழிப்பறைக் கேள்வியும் அப்படித்தான்.

நடப்பதில் மீட்டர் கணக்கு. 20க்கு மேல் 50 மீட்டர் வரை ஊன்றுகோல் இல்லாமல் நடந்தால் 8 புள்ளி, ஊன்றுகோலோடு என்றால் 10, 20 மீட்டரைத் தாண்டாவிட்டால் 12. "கொஞ்சத் தூரம் நடப்பார்" என்ற வாக்கியத்தால் ஒரு பயனும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து எந்த இடம்வரை போய் நிற்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரத்தை அளந்து எழுதுங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எத்தனை தடவை நிற்கிறார், திரும்பி வர முடிகிறதா, வந்த பிறகு அதே தூரத்தை அன்று இன்னொரு தடவை நடப்பாரா? போக முடிந்து திரும்ப முடியாவிட்டால், அந்தத் தூரத்தை அவரால் நடக்க முடிகிறது என்று எழுதாதீர்கள்.

பேச்சுத் தடுமாற்றத்தை நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். படிவத்தில் அப்படிக் கடக்காதீர்கள். வலது பக்கம் இழுத்துவிடுகிற பாரிசவாதத்தில் மூளையின் இடது பக்கம் பாதிக்கப்படுகிறது. மொழியும் பெரும்பாலானவர்களுக்கு அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் சொல் வராமல் தவிப்பது, ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்வது, நீண்ட வாக்கியம் கேட்டால் குழம்புவது எல்லாம். நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பிப்பில் ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி கிடையாது. அவரவர் மொழியில் பேச, புரிந்துகொள்ள முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் தெளிவாகச் சொல்லாவிட்டால், "ஆங்கிலம் வராதவர், அதனால் தடுமாறுகிறார்" என்று தள்ளிவிட இடமிருக்கிறது. ஆகவே, "அவருடைய தாய்மொழி தமிழ், தமிழிலேயே சொற்கள் தவறுகின்றன" என்று தொடங்கி, இரண்டு மூன்று உதாரணம் கொடுங்கள். பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வது, ஜி.பி. (குடும்ப வைத்தியர்) சொன்னதை நீங்கள் துண்டு துண்டாக உடைத்துத் திரும்பச் சொல்லவேண்டி வருவது, இப்படி. சிக்கலான விஷயங்களைச் சொல்லவோ புரிந்துகொள்ளவோ பழகிய ஒருவரின் துணை வேண்டும் என்றால் 4 புள்ளி. சாதாரணப் பேச்சுக்கே வேண்டும் என்றால் 8. ஸ்ட்ரோக் குழுவில் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்திருந்தால் அவருடைய அறிக்கை தங்கம்.

ஆதாரம் என்றால் நிறையப் பேர் ஒரு கட்டு அப்பாயின்ட்மென்ட் கடிதங்களை அனுப்புகிறார்கள். அவை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பதை மட்டும் சொல்லும். வேண்டியவை: நரம்பியல் வைத்தியர் வலிப்பைப் பற்றி எழுதிய அண்மைக் கடிதம், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய வழி காட்டும் சிகிச்சையாளர்) வீட்டுக்கு வந்து பார்த்து எழுதியது, இப்போதைய மருந்துப் பட்டியல், பராமரிப்பாளராக நீங்கள் எழுதும் ஒரு பக்கக் கடிதம். உங்கள் கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். நேரமும் வேலையும் போதும். முதல் தடவை அனுப்பிய பழைய அறிக்கைகளையும் திரும்ப அனுப்புங்கள், அவர்களிடம் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். எல்லாம் பிரதிதான், அசல் உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு தாளிலும் அவர் பெயரும் நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணும். நிரப்பிய படிவத்தையும் முழுவதும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தபால் ரசீதையும். படிவம் திரும்பிச் சேர ஒரு மாதம் தருகிறார்கள். கடைசித் தேதி அவர்கள் அனுப்பிய கடிதத்தில் இருக்கும். போதாவிட்டால் அந்தத் தேதிக்கு முன்னமே ஃபோன் செய்து கூடுதல் நாள் கேளுங்கள். ஏதோ ஒரு அறிக்கைக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிடுவதுதான் மோசம். "இன்னும் ஆதாரம் வரும்" என்று எழுதிப் படிவத்தை அனுப்பிவிட்டு, பிறகு அனுப்பலாம். உரிய நேரத்தில் படிவம் போய்விட்டால் முடிவு வரும்வரை பணம் தொடரும். இழுபட்டால் பழைய முடிவுத் தேதியை அவர்களே தள்ளிவைத்துக் கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், புளூ பேட்ஜ் புதுப்பிக்கும்போது கேட்பார்கள்.

அப்புறம் உங்கள் கணவரின் "ஓம், நான் செய்வேன்".

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வருடம் உழைத்துக் குடும்பத்தைக் காத்த மனிதர், முன்பின் தெரியாத ஒருவரிடம் "என் மனைவிதான் எனக்குச் சட்டை போட்டுவிடுகிறாள்" என்று சொல்வதற்கு நாக்கு எழாது. ஆனால் அசெஸ்மென்டில் அந்த ஒரு "ஓம்" நீங்கள் எழுதிய பக்கங்களை எல்லாம் அடித்துவிடும். "அவர் தானாக உடுத்துவதாகக் கூறினார்" என்று அறிக்கையில் ஒரு வரி ஏறிவிடும். முதல் நாள் இரவு உட்கார்ந்து பொய் சொல்லிக் கொடுக்க வேண்டாம்; அது குற்றம், தேவையும் இல்லை. எழுதிய படிவத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் "முடியுமா" என்று கேட்காமல், "எப்படிச் செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது, நான் இல்லாத நாளில் என்ன நடந்தது" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்தே உண்மை வரும். அந்தப் பதிலையே அங்கேயும் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அவரைத் தாழ்வாக நினைக்கப்போவதில்லை என்பதையும் சொல்லுங்கள், நம்புவாரோ இல்லையோ.

அசெஸ்மென்ட் பெரும்பாலும் ஃபோனில் வரும். பேச்சுத் தடுமாறும் ஒருவருக்கு ஃபோன் ஏற்ற வழி இல்லை. நேரிலோ வீட்டிலோ செய்யும்படி படிவத்திலேயே காரணத்தோடு கேளுங்கள். நீங்கள் கூட இருக்கலாம், பேசவும் செய்யலாம். அவர் விட்டதைச் சேர்த்துச் சொல்வதற்கு உங்களுக்கு இடம் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களே மொழிபெயர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தால் இரண்டு வேலையும் கெட்டுவிடும். பிள்ளைகளை வைத்துச் செய்வதும் வேண்டாம். அப்பாவின் கழிப்பறை விஷயத்தை மகன் ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி விழுங்கிவிடுவான். பதிவு செய்ய விரும்பினால் அதையும் முன்னமே சொல்லவேண்டும்.

முடிவு பாதகமாக வந்தால், கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் 'மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்' கேட்கவேண்டும், அதாவது முடிவை டி.டபிள்யூ.பி.யே திரும்பப் பார்க்கும்படி கேட்பது. அதிலும் சரிவராவிட்டால், அந்தப் பதில் வந்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு. கட்டணம் இல்லை. அங்கே ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், ஊனம் பற்றிய அனுபவம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருப்பார்கள். முன்பு கொடுத்த புள்ளியை இப்போது எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று டி.டபிள்யூ.பி. காரணம் சொல்லவேண்டும். அதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டும். தீர்ப்பாயம்வரை போகிற பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. அந்தக் கட்டத்துக்கு வந்தால் தனியாக நிற்காதீர்கள். இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இருக்கிறது, பல கவுன்சில்களில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

எங்கும் கேட்கிற இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "ஏதாவது ஒரு கேள்வியில் 4 புள்ளி இல்லாவிட்டால் பிப்பே கிடையாது." அப்படி ஒரு திட்டத்தை அரசாங்கம் 2025இல் கொண்டுவந்தது உண்மை. எதிர்ப்பு வலுத்ததால் 2025 ஜூலை 1 அன்று நாடாளுமன்ற விவாதத்தின் நடுவிலேயே அதை மசோதாவிலிருந்து எடுப்பதாக அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் அறிவித்தார். அதன் பிறகு பிப் முழுவதையும் ஆராயும் பொறுப்பு அவரும் இணைத்தலைவராக உள்ள ஒரு குழுவிடம் போனது. இரண்டு இரண்டாகச் சேர்த்து 8 வந்தாலும் ஸ்டாண்டர்ட் என்ற கணக்கை வைத்தே படிவத்தை நிரப்புங்கள். இதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட் என்று வேறு திட்டம் இருக்கிறது, படிவமும் அலுவலகமும் வேறு.

உங்கள் வேலை பற்றி: பராமரிப்பாளர் உதவித்தொகைக்கு வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்ள வேண்டும், அதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்காது. வருமான வரம்புதான் கவனம். 2025-26 நிதியாண்டில் அது வரி முதலியவை கழித்து வாரம் 196 பவுண்டாக இருந்தது. ஒரு பவுண்டு தாண்டினாலும் அந்த வாரத்து உதவித்தொகை முழுவதும் போகும், படிப்படியாகக் குறைவதில்லை. கிறிஸ்மஸ் நேரத்தில் கூடுதல் ஷிஃப்ட் செய்துவிட்டு, பிறகு திருப்பிக் கட்டச்சொல்லி வந்த கடிதத்தோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

யாழ்ப்பாணம் போகலாம். தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 வாரம்வரை பிப் தொடரும். சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம். நான்கு வாரத்துக்கு மேல் போவதென்றால் கிளம்புமுன் டி.டபிள்யூ.பி.க்குச் சொல்லவேண்டும், போகும் தேதி, திரும்பும் தேதி, காரணம் எல்லாம். உங்களுக்கு யூனிவர்சல் கிரெடிட்டும் (குறைந்த வருமானக்காரருக்கான உதவித்தொகை) வருகிறது என்றால் அதன் கணக்கு வேறு. அது பொதுவாக ஒரு மாதம்தான், இரண்டு மாதத்துக்கு நிற்காது. என் கவலை விதியைப் பற்றியதல்ல, நாட்களைப் பற்றியது. படிவம் அனுப்பிய பிறகு அசெஸ்மென்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அங்கே இருக்கும்போது கடிதம் இங்கே வீட்டு வாசலில் கிடந்து, அசெஸ்மென்டைத் தக்க காரணமில்லாமல் தவறவிட்டார் என்று எழுதிப் பணத்தை நிறுத்திவிட்டால், திரும்பி வந்து அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். டிக்கெட் போடுமுன் படிவத்தை அனுப்பிவிடுங்கள். இல்லாத நாட்களைப் படிவத்திலும் எழுதுங்கள், ஃபோனிலும் சொல்லுங்கள், சொன்ன தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்துவையுங்கள். வீட்டுச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, பழுப்பு நிறக் கவர் எது வந்தாலும் அன்றைக்கே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.